முகப்பூச்சும் காப்புரிமையும்

சென்ற கோடை விடுமுறையில் யான் ஊர் சென்றிருந்தபொழுது என் சிற்றன்னையார் என்னை ஒரு வினா வினவினார். அவர் அண்டை வீட்டு மகளிர் நால்வரோடு கூடித் தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் முதலியவற்றால் முகப்பூச்சு ஒன்று செய்து, சிறு சிமிழ்களில் அடைத்து விற்று வருகின்றார். “தம்பி, பெரிய கம்பெனிகள் இத்தகைய பூச்சுகளுக்கெல்லாம் பேட்டண்ட் வாங்கி வைத்திருக்கின்றனவாமே! நாளைக்கு ஒருவர் வந்து, இந்த அளவில் எண்ணெயும் மெழுகும் சேர்ப்பது எங்கள் உரிமை என்று சொன்னால் நாங்கள் என்ன செய்வது? நீ கல்லூரியிலே படிக்கிறவனாயிற்றே, சொல்லு” என்றார். தொல்காப்பியமும் நன்னூலும் ஓதும் எனக்கு அவ்வினாவிற்கு விடை தெரியவில்லை. தெரியாதென்று கூற நாணி, “கேட்டு வந்து சொல்லுகிறேன், சித்தி” என்று கூறித் திரும்பினேன். இரசாயனம் பயிலும் என் விடுதித் தோழனையும், சட்ட நூல்களையும், சில வழக்குகளின் தீர்ப்புகளையும் துணைக்கொண்டு யான் அறிந்தவற்றையும், அவற்றினின்று யான் கொண்ட கருத்தையும் நம் கல்லூரி மலரின் வாயிலாக ஈண்டுக் கூறத் துணிகின்றேன். தமிழ் மாணாக்கன் தன் எல்லை கடந்தான் என்பார் உளராயின், வினா என் வீட்டிலிருந்து எழுந்தது என்பதே அவர்க்கு யான் கூறும் விடையாம்.

முதற்கண், முகப்பூச்சு என்பது யாது? எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாதவை என்பது சிறுவரும் அறிந்தது. ஒரு குப்பியில் இரண்டையும் இட்டுக் குலுக்கினால் சிறிது பொழுது பால்போல் வெளுத்து நிற்கும். பின்னர் எண்ணெய் மேலும் நீர் கீழுமாகப் பிரிந்துவிடும். அவ்வாறு பிரியவொட்டாமல் ஒன்றனுள் மற்றொன்றை நுண்டுளிகளாக நிறுத்திவைப்பதே எமல்ஷன் எனப்படும் பால்மம். நிறுத்தி வைப்பதற்கு மூன்றாவதொரு பொருள் வேண்டும். அதன் ஒரு தலை எண்ணெயை நாடும். மற்றொரு தலை நீரை நாடும். இரு பகைவரையும் இரு கைகளாற் பிடித்து நிறுத்தும் நடுவர் போன்ற அப்பொருளைப் பால்மமாக்கி என்பர்.

இக்கலை மிகப் பழையது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர் தேன்மெழுகும் ஒலிவ எண்ணெயும் பன்னீரும் கூட்டிக் குளிர்ச்சி தரும் பூச்சொன்று செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆங்கில மக்கள் கோல்ட் கிரீம் என்று வழங்குவது அதன் வழித்தோன்றலேயாம். அது விரைவிற் பிரிந்து கெட்டது. பிற்காலத்தார் அதனுடன் வெண்காரம் சேர்த்தனர். மெழுகிலுள்ள அமிலத்தோடு வெண்காரம் கூடி ஒருவகைச் சோப்பாக மாறி, அச்சோப்பே பால்மமாக்கியாய் நின்று பூச்சினைக் காத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் லிப்ஷூட்ஸ் என்னும் இரசாயன அறிஞர் ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து யூசரிட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அது எண்ணெயினுள் மிகுதியான நீரை நெடுநாள் நிறுத்தவல்லதாயிற்று. அதனைக்கொண்டே 1911ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரத்து பையர்ஸ்டார்ப் நிறுவனத்தார் நிவியா என்னும் வெண்பூச்சினை வெளியிட்டனர். வெண்காரம் சேர்த்ததும், யூசரிட் கண்டதும், கேலனுடைய பூச்சினின்று எத்துணை எத்துணைத் தொலைவிலுள்ள படிகள் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. நம் ஆராய்ச்சி முழுவதும் அத்தொலைவினை அளப்பது பற்றியதே.

நிற்க. ஒரு கலவையைப் பிறர் செய்யலாகாது என்னும் தடை உலகிற்குப் புதியதன்று. யாத்திராகமத்தின் முப்பதாம் அதிகாரத்தில், வெள்ளைப்போளம் 500 சேக்கலும், கருவாப்பட்டை 250உம், வசம்பு 250உம், இலவங்கப்பட்டை 500உம் ஒலிவ எண்ணெயோடு கூட்டி அபிஷேக தைலம் செய்யும் முறை மோசேக்குக் கூறப்படுகின்றது. அதனைப்போல் வேறெவரும் செய்யலாகாது என்னும் தடையும் உடன் கூறப்படுகின்றது. ஆனால் அத்தடை ஆலயத்தின் தூய்மை கருதியது. எவர்க்கும் ஊதியம் கருதியதன்று. இக்காலத்துக் காப்புரிமையோ ஓர் உடன்படிக்கை. கண்டுபிடித்தவன் தான் கண்டதை மறைக்காமல் உலகறிய எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக அரசு அவனுக்குக் குறித்த காலம்வரை தனியுரிமை வழங்கும். நம் நாட்டில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அக்காலத்தை விண்ணப்ப நாள் தொட்டு 20 ஆண்டுகளாக வைத்துள்ளன. காலம் கழிந்தபின் அவ்வறிவு அனைவர்க்கும் பொது.

இவ்வுடன்படிக்கையில் பொதுமக்கள் தருவது பெரிது. இருபது ஆண்டு அவர்கள் கைகள் கட்டப்படுகின்றன. ஆதலின் அவர்கள் பெறுவதும் பெரிதாயிருத்தல் வேண்டும். கண்டது புதியதாயிருந்தால் மட்டும் போதாது. அத்துறையிற் பயின்றவனுக்கு எளிதிற் புலனாகாததாகவும் இருத்தல் வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. இக்கொள்கையின் வேர் 1851ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பொன்றில் உள்ளது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்துவந்த கதவுக் குமிழினைக் களிமண்ணாற் செய்து ஒருவர் உரிமை கோரினார். பொருளை மாற்றியதன்றி அதில் வேறு திறமில்லை, கைதேர்ந்த தொழிலாளி எவனும் செய்யக்கூடியதே அது என்று மன்றம் உரிமையை மறுத்தது. 1952ஆம் ஆண்டில் இக்கொள்கை அந்நாட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. நம் நாட்டுச் சட்டமும் இதனையே வேண்டுகின்றது.

தமிழ் பயில்வோர்க்கு இது விளங்காத கொள்கையன்று. நம் இலக்கணிகள் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்துவைத்தனர். முன்னோர் நூலைத் தழுவி, வேண்டும் இடத்து வேறுபாடும் கூறிச் செய்வது வழிநூல். முன்னூலைச் சுருக்குவதும், விரிப்பதும், மொழிபெயர்ப்பதும் அதன் வகைகளாம். பவணந்தியார் இயற்றிய நன்னூல் தொல்காப்பியத்திற்கு வழிநூலே. அதனால் அதன் பெருமை குறைந்ததில்லை. ஆயினும், சுருக்கினேன் என்பது பற்றி எவரும் முதனூலாசிரியர் என்னும் பெயர் பெற்றதில்லை. வழிநூல் செய்தவர் முதனூலைப் பிறர் கையாளலாகாது என்று தடுத்ததும் இல்லை. பூச்சு வழக்குகளிலும் கேட்கப்படும் வினா இதுவே: வந்திருப்பது முதனூலா, அன்றி வழிநூலா?

ஆயின் வினா எளிதாயிருப்பினும் விடை எளிதன்று. அதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, விடை தெரிந்தபின் விடுகதை எளிதாகிவிடுதல். சிறுவர் ஒருவர்க்கொருவர் விடுகதை போடுங்கால், விடை கூறப்பட்டவுடன், “இது எனக்குத் தெரியாதா!” என்று சொல்லாதவன் இல்லை. நீதிபதியும் மனிதரே. பத்தாண்டு வருந்தி ஒருவன் கண்ட கலவையைப் பட்டியலாக எழுதி அவர்முன் வைத்தால், மெழுகும் பழையது, எண்ணெயும் பழையது, பால்மமாக்கியும் பழையது, இதில் அரியது யாதுளது என்று அவர்க்குத் தோன்றும். ஆதலின் விடை தெரிவதற்கு முந்திய நாளில் நின்று பார்க்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகின்றது.

மற்றொன்று, முகப்பூச்சுகளில் முற்றிலும் புதிய பொருள் வருவது அரிது. வருவன பெரும்பாலும் புதிய அளவுகளே. இதனை இத்துணை, அதனை அத்துணை என்று மாற்றி மாற்றி அமைப்பதே இத்தொழில். இவ்வாறு மாற்றுவது ஒரு காலத்தில் இருட்டில் தேடுவது போன்றிருந்தது. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரிப்பின் என்னும் இரசாயன அறிஞர், பால்மமாக்கி ஒவ்வொன்றும் நீரை நாடும் தன்மையையும் எண்ணெயை நாடும் தன்மையையும் ஒப்பிட்டு ஓர் எண்ணாற் குறிக்கும் முறையை வெளியிட்டார். ஏறத்தாழ 3 முதல் 6 வரை எண்ணுடையது எண்ணெயினுள் நீரை நிறுத்தும். 8 முதல் 18 வரை எண்ணுடையது நீரினுள் எண்ணெயை நிறுத்தும். முன்பு ஆண்டுக்கணக்கில் தேடிய பொருளை அதன்பின் அட்டவணையைப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாயிற்று. இதனால் நாம் அறிவது என்னை? சட்டம் கூறும் ‘துறையிற் பயின்ற நடுத்தரத் தொழிலாளி’ என்றும் ஒரே நிலையில் நிற்பவன் அல்லன். அறிவு வளர வளர அவனும் உயர்கின்றான். 1911இல் அரிதாயிருந்த படி பின்னர் எளிதாகிவிடுகின்றது.

இவற்றை ஒப்புக்கொண்டும் உரிமை கோருவோர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. அதனை நேர்மையோடு எடுத்துக் கூறுதல் என் கடமை. பால்மம் மிக்க பிடிவாதமுடையது என்பர் அவர். எண்ணெயை நீரில் ஊற்றுவதா, நீரை எண்ணெயில் ஊற்றுவதா என்னும் முறைமாற்றத்தாலும், சூட்டின் சிறு வேறுபாட்டாலும், கலக்கும் வேகத்தாலும் அது கட்டுப்படும், அல்லது கட்டுக்குலையும். ஒரு நறுமணத் துளி சேர்த்ததனால் பிரிந்துபோகும் பூச்சும் உண்டு. அட்டவணை வழிகாட்டுமேயன்றி வீடு கொண்டுபோய்ச் சேர்க்காது. ஆதலின் சிறிய அளவு மாற்றத்தையும் எளிது என்று இகழ்தல் கூடாது என்பது அவர் வாதம். என் தோழனும் ஆய்வுக்கூடத்தில் பலமுறை பிரிந்துபோன பூச்சினைக் காட்டி இவ்வாதம் பொய்யன்று என்றான்.

ஆயின் உண்மையான ஒரு வாதம் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பதும் நோக்கற்பாலது. தோலிற் பூசும் மருந்து பற்றிய வழக்கொன்றும், கண்ணில் இடும் பால்மம் பற்றிய வழக்கொன்றும் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவை ஒப்பனைப் பொருள்கள் அல்லவேனும், அவற்றில் எழுந்த வினா முகப்பூச்சுக்கு எழும் வினாவேயாம்.

முதல் வழக்கு முகப்பருவிற்குரிய அடாபலீன் என்னும் மருந்தைப் பற்றியது. நூற்றுக்கு 0.1 பங்கு அம்மருந்துடைய களிம்பு ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. 0.01 முதல் 1 வரை சேர்க்கலாம் என்று முன்னைக் காப்புரிமைகளும் கூறியிருந்தன. பின்னர் கால்டர்மா நிறுவனத்தார் 0.3 என்னும் அளவிற்குத் தனியுரிமை கொண்டனர். கீழ் நீதிமன்றம் அதனை ஏற்றது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது; மூவருள் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். கோரப்படும் அளவு முன்னோர் கூறிய எல்லைக்குள்ளேயே இருக்குமாயின், அதனைத் தெரிந்தெடுத்ததற்குத் தக்க காரணத்தை, எதிர்பாராத பயன் போன்றதொன்றை, உரிமை கோருவோரே முன்வந்து காட்டவேண்டும் என்றும், அப்பயன் சற்றுக் கூடிற்று, சற்றுக் குறைந்தது என்னும் அளவில் நில்லாமல் தன்மையிலேயே வேறாக இருத்தல் வேண்டும் என்றும் அம்மன்றம் கருதியது.

இரண்டாவது வழக்கே மிக்க அறிவுறுத்தலுடையது. கண்ணீர் வறட்சிக்கு இடும் ரெஸ்டாசிஸ் என்னும் மருந்து ஆமணக்கெண்ணெயை நீரில் நிறுத்திய பால்மம். அதில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து நூற்றுக்கு 0.05 பங்கும், ஆமணக்கெண்ணெய் 1.25 பங்கும் உள்ளன. இத்தகைய பால்மங்களைப் பற்றி அல்லர்கன் நிறுவனத்தாருடைய முன்னைக் காப்புரிமை 1995ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. அதன் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றில் மருந்து 0.05, எண்ணெய் 0.625, மற்றொன்றில் மருந்து 0.10, எண்ணெய் 1.25. அதாவது, பிற்கால மருந்தின் இரண்டு எண்களும் முன்னரே ஒரே பட்டியலில் இருந்தன. ஆனால் ஒரே கலத்தில் இருந்தில. முன்னைக் காப்புரிமை 2014ஆம் ஆண்டில் முடிவுற இருந்தது. அந்நிறுவனத்தார் அவ்விரண்டு எண்களையும் சேர்த்த கலவைக்குத் தனியே உரிமை கோரினர். அவர்கள் 2009ஆம் ஆண்டில், முன்னைப் பட்டியலை நோக்க இது எளிதிற் புலனாவதே என்று காப்புரிமை அலுவலகத்திடம் ஒப்புக்கொண்டிருந்தனர். 2013ஆம் ஆண்டில் அவ்வொப்புதலைத் திரும்பப் பெற்று, இக்கலவை எதிர்பாராத பயன் தந்தது என்று அறிஞர்களுடைய உறுதிமொழிகளையும் வரைபடங்களையும் தாக்கல் செய்தனர். அலுவலகம் இசைந்தது. புதிய காப்புரிமைகள் பிறந்தன. அவற்றின் காலம் 2024 வரை நீண்டது.

2017ஆம் ஆண்டு அக்டோபரில் டெக்சாஸ் மாகாணத்தில் நீதிபதி பிரைசன் அவ்வுரிமைகளை, எளிதிற் புலனாவன என்னும் காரணத்தால், செல்லாதன என்று தீர்த்தார். அளவுகளுக்கிடையே காட்டப்பட்ட வேறுபாடு அலுவலகத்தின்முன் தோன்றிய அளவு பெரியதன்று என்பதும், ஆய்வின் முழு விவரத்தையும் நோக்கினால் எதிர்பாராத பயன் யாதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும் அவர் கண்ட முடிபு. 2018ஆம் ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. இதற்கிடையே 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனத்தார் அவ்வுரிமைகளைச் செயின்ட் ரீஜிஸ் மோஹாக் என்னும் அமெரிக்கப் பழங்குடியினர்க்கு மாற்றிக்கொடுத்து, அவர்களுடைய அரசுரிமையின் நிழலில் அலுவலகத்தின் மறுவிசாரணையினின்று ஒதுங்கவும் முயன்றனர். அம்முயற்சியும் பலிக்கவில்லை. எனினும் அம்மருந்தின் மாற்று மருந்தொன்றுக்கு அந்நாட்டு மருந்து அலுவலகம் முதன்முதலாக இசைவு தந்தது 2022ஆம் ஆண்டு பிப்ரவரியிலேதான். இரண்டு எண்கள் ஒரே கலத்தில் சேர்ந்தமையால் நேர்ந்த வழக்கின் நீளம் இது!

இவ்வழக்கில் என் மனத்தைத் தைத்தது ஒன்றுண்டு. தமிழ் வகுப்பில் ஒருவன் ஒரு நூற்பாவின் பாதியை மட்டும் எடுத்துக்காட்டித் தன் கருத்தை நிறுவினால், ஆசிரியர் மற்றப் பாதியை ஓதச் சொல்வார். ஓதியவுடன் வாதம் விழுந்துவிடும். ஆய்வின் பயனைக் காட்டும் வரைபடமும் அத்தகைய மேற்கோளே. தமக்கு ஏற்ற புள்ளிகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டினால், எளியதும் அரியதாகத் தோன்றும். அலுவலகத்தின் ஆய்வாளர்க்கு மற்றப் பாதியை ஓதச் சொல்லும் பொழுதும் இல்லை. எதிர்நின்று வினவும் கட்சியும் பெரும்பாலும் இல்லை. ஆதலின் பால்மத்தின் பிடிவாதம் என்னும் உண்மை, பழைய உரிமையின் வாழ்நாளை நீட்டிக்கும் கருவியாகவும் ஆகிவிடுகின்றது.

இவ்வாறு கூறுவதனால் சிறு மாற்றம் செய்தவரையெல்லாம் யான் இகழ்வதாக எவரும் கருதற்க. மறுபுறத்திலும் தவறு நேர்வதுண்டு. தலைமயிரை வெளுக்கச் செய்யுங்கால் மயிர் நைந்துபோகாமல் காக்கும் முறை பற்றி லிக்விட் நிறுவனத்திற்கும் லொரேயால் நிறுவனத்திற்கும் வழக்கெழுந்தது. அம்முறை முன்னை நூல்களினின்று எளிதிற் புலனாவது என்று காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை வாரியம் தீர்த்தது. ஆனால் எதிர்க்கட்சியார் உரிமையாளருடைய மறைவான செய்தியை அறிந்தமையாலேயே அப்பொருளைப் பயன்படுத்தினர் என்றும் அவ்வாரியமே கண்டிருந்தது. பார்த்துச் செய்தனர் என்னும் அச்செய்தியையும் சீர்தூக்கியிருத்தல் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு மன்றம் வழக்கைத் திருப்பியனுப்பியது. இது நியாயமே. தானே எளிதிற் காணக்கூடியதை ஒருவன் அடுத்தவன் ஏட்டைப் பார்த்து எழுத வேண்டுவதென்னை? தேர்வு மண்டபத்தை அறிந்த நமக்கு இவ்வினாவின் ஆற்றல் நன்கு விளங்கும்.

மேலும், 2007ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நடுத்தரத் தொழிலாளி பொம்மை போன்றவன் அல்லன், அவனுக்கும் ஓரளவு கற்பனை உண்டு என்னும் கருத்தை வற்புறுத்தியது. அத்தீர்ப்பிற்குப் பின் எளிது என்று கூறி உரிமையை அழித்தல் எளிதாயிற்று என வருந்துவோர் உளர். அவர் அச்சத்தில் ஓரளவு உண்மையுண்டு. யூசரிட் போன்றதொரு பொருளைக் கண்டவனையும், 0.05ஐயும் 1.25ஐயும் கூட்டியவனையும் ஒரே தராசில் நிறுத்தி இருவரையும் வெறுங்கையோடு அனுப்புவதும் அநீதியே.

ஆயின் செய்யத்தக்கது யாது? யான் கருதுவது இது. பழைய பொருள்களைக் கொண்டு, முன்னோர் கூறிய எல்லைக்குள் புதிய அளவு ஒன்றைக் கோருவோன் எவனாயினும், அவ்வளவு எதிர்பாராத பயன் தந்ததென்பதை அவனே மெய்ப்பித்தல் வேண்டும். அம்மெய்ப்பினை வழக்கு வந்தபின் அன்று, விண்ணப்பிக்கும்பொழுதே தருதல் வேண்டும். முன்னைக் கலவைகளுள் தன்னுடையதற்கு மிக நெருங்கியதோடு ஒப்பிட்டுக் காட்டுதல் வேண்டும். தொலைவிலுள்ள ஒன்றோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடுதல் கூடாது. நடத்திய ஆய்வுகள் அனைத்தையும், தனக்குப் பாதகமாயினவற்றையும் சேர்த்து, முழுவதும் வைத்தல் வேண்டும். இவ்வளவும் செய்தவனுக்கு, அவன் மாற்றிய அளவு நூற்றில் அரைப்பங்கேயாயினும், உரிமை மறுக்கப்படலாகாது. செய்யாதவனுக்கு, அவன் பத்தாண்டு உழைத்தவனேயாயினும், உரிமை தரப்படலாகாது.

உழைப்பிற்குக் கூலி இல்லையோ என்று கேட்பார் இருக்கலாம். உண்டு, ஆனால் அக்கூலி சந்தையில் உள்ளது. நன்றாகச் செய்த பூச்சு விற்கும். அதன் பெயருக்கு வணிகக் குறியின் காவல் உண்டு. செய்முறையை மறைவாக வைத்துக்கொள்ளவும் தடையில்லை. பிறர் கைகளைக் கட்டும் உரிமையோ உழைப்பின் கூலியன்று. உலகிற்குப் புத்தறிவு தந்ததன் கைம்மாறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே இத்துறையிற் குழப்பம் விளைந்ததற்குக் காரணமாகும்.

இனி, என் சிற்றன்னையாருடைய வினாவிற்கு வருவோம். நம் நாட்டுச் சட்டம் அவரைக் கைவிடவில்லை. பொருள்களை வெறுமனே ஒன்றுசேர்த்து, ஒவ்வொன்றின் குணமும் கூடி நிற்பதற்குமேல் யாதும் விளையாத கலவையை அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு கண்டுபிடிப்பென்றே ஏற்பதில்லை. இந்தியாவில் முன்னரே வெளிப்படையாக வழங்கிவந்ததற்குப் பின்னர் ஒருவர் உரிமை கோரினால், விண்ணப்பம் வெளியிடப்பட்டபின், உரிமை வழங்கப்படுமுன், எவரும் எதிர்ப்புரை தரலாம். முன்னரே வழங்கியதை நோக்க எளிதிற் புலனாவது என்பதும் எதிர்ப்பிற்குரிய காரணங்களுள் ஒன்றாம். ஆனால் வழங்கியது என்று வாயாற் கூறினால் மன்றம் கேளாது. நாளும் அளவும் குறித்த ஏடு வேண்டும்.

ஆதலின் விடுமுறைக்கு மீண்டும் சென்றபொழுது யான் அவர்க்கு ஒரு தடித்த குறிப்பேடு வாங்கிச் சென்றேன். “சித்தி, எந்த நாளில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு மெழுகு, எவ்வளவு பன்னீர், எத்தனை சிமிழ் விற்றது, எது பிரிந்துபோயிற்று என்பதையெல்லாம் இதிலே எழுதி வையுங்கள். பிரிந்துபோனதையும் மறவாமல் எழுதுங்கள். ஒருவேளை எவரும் எதிர்பாராத ஒன்றை நீங்களே கண்டால், விற்பதற்கு முன்னே விண்ணப்பம் போட வேண்டும், அப்பொழுது அந்த உரிமை உங்களுக்கும் உண்டு” என்றேன். அவர் சிரித்து, “கெட்டுப்போனதை எழுதி வைத்து என்னடா தம்பி பயன்?” என்றார்.

கெட்டுப்போனதையும் எழுதிவைப்பவனே நல்லதென்று கூறுவதை உலகம் நம்பும். சிற்றன்னையாருடைய குறிப்பேட்டிற்கு யான் கூறிய இவ்விதியையே, பல கோடி ஈட்டும் நிறுவனங்களின் விண்ணப்பங்களுக்கும் கூறுகின்றேன். அவ்விதி இருசாரார்க்கும் ஒன்றாக நிற்குமாயின், முதனூல் செய்தார் முதனூலாசிரியராகவும், வழிநூல் செய்தார் வழிநூலாசிரியராகவும் தத்தமக்குரிய சிறப்பினைப் பெறுவர். எண்ணெயும் மெழுகும் பன்னீரும் எல்லார்க்கும் பொதுவாக இருக்கும்.